தாங்கு மரத்தில் துளை எங்கே போடலாம்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தேக்கும் அயனி என்ற காட்டுப்பலாவும் பலாவும் இன்னும் பாரம் சுமந்து நிற்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணைப் பார்த்தவர்களுக்கு இங்கத்தித் தச்சு வேலையின் அருமை தெரியும். இந்த வீடுகளில் இப்போது ஒயரிங் புதுப்பிக்கிறார்கள், ஏசி வைக்கிறார்கள். குழாய் போக வழி வேண்டும் என்று கைக்கு வாகான இடத்தில் டிரில்லிங் மெஷினை வைத்துவிடுகிறார்கள். வாகான இடம் பெரும்பாலும் மரத்தின் ஓரமாக இருக்கும். மரத்துக்கு அதுதான் ஆகாத இடம்.

மரத்தின் நார்கள் ஏறக்குறைய ஒரே போக்கில் நெடுக ஓடுகின்றன, இறுக்கிக் கட்டிய ஈர்க்குக் கட்டு மாதிரி. நெடுக்கில் அழுத்தினால் நன்றாகத் தாங்கும். குறுக்கே பிரித்தால் எளிதில் பிளக்கும். துளை போட்டதும் அந்த இடத்து நார்கள் அறுந்து, அவை சுமந்த பாரம் இரு பக்கமும் மிஞ்சிய நார்களுக்கு மாறுகிறது. வட்டத் துளையைச் சுற்றி அது வளைந்து போய்விடும். உளியால் சதுரமாக வெட்டினால் மூலையில் குவியும். பிளவு கிளம்புவது அங்கிருந்துதான்.

அமெரிக்காவில் மரச்சட்ட வீடுகள் அதிகம். சுவருக்குள் 38 மி.மீ. தடிமனும் 89 மி.மீ. அகலமும் உள்ள கட்டைகள் வரிசையாக நின்று மேல்பாரத்தைத் தாங்கும். அங்குள்ள வீட்டுக் கட்டட விதிப்படி, சுமை தாங்கும் கட்டையில் துளையின் விட்டம் அகலத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. துளைக்கும் கட்டையின் விளிம்புக்கும் நடுவே 16 மி.மீ. மரமாவது மிஞ்ச வேண்டும். ஓரத்தில் வெட்டு என்றால் 25 சதவீதம்தான். ஆக 89 மி.மீ. கட்டையில் துளை 35 மி.மீ. வரை, வெட்டு 22 மி.மீ. வரை. இரண்டும் ஒரே மட்டத்தில் வரக் கூடாது.

துளைக்கு இவ்வளவு இடம் கொடுத்துவிட்டு வெட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? கட்டை வளையாமல் நிற்கும் விறைப்பு அதன் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. 100 மி.மீ. அகலக் கட்டையின் நட்டநடுவில் 40 மி.மீ. துளை போட்டால் அந்த இடத்தில் போகும் விறைப்பு 0.4 × 0.4 × 0.4, அதாவது 6.4 சதவீதம். அதே 40 மி.மீ.யை ஓரத்திலிருந்து வெட்டினால் மிஞ்சுவது 60 மி.மீ.; 0.6இன் முப்படி 0.216. கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு விறைப்பு போய்விட்டது! எடுத்த மரம் என்னவோ ஒரே அளவுதான். போதாததற்கு, மேலிருந்து இறங்கும் பாரம் மிஞ்சிய மரத்தின் நடுவில் விழாமல் ஒதுங்கி விழும். அதுவே கட்டையை வளைக்கப் பார்க்கும்.

இந்தக் கணக்கு ஒரு திசைக்கு மட்டும்தான். கட்டையின் ஒல்லியான பக்கமாகப் பார்த்தால் அதே துளை அந்த இடத்தில் 40 சதவீத விறைப்பை எடுத்துவிடும். அமெரிக்கச் சுவரில் இரு பக்கமும் அறைந்த பலகை அந்தத் திசையில் கட்டையைப் பிடித்துக்கொள்கிறது. நம் திண்ணைத் தூணுக்கு அப்படிப் பிடிமானம் எதுவும் கிடையாது. அதனால் தனியாக நிற்கும் தூணில் துளையே போடாதீர்கள் என்பேன். ஒயரைச் சுவர் வழியாகக் கொண்டுபோனால் போயிற்று.

மச்சைத் தாங்கும் உத்திரத்தின் கதை வேறு. பாரம் ஏறும்போது அதன் மேல் நார்கள் நெருக்கப்படும், அடி நார்கள் இழுபடும். உயரத்தின் நடுவே இரண்டும் இல்லாத ஒரு கோடு உண்டு. துளை அந்தக் கோட்டை ஒட்டி, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், மேலும் கீழும் 50 மி.மீ. விட்டு இருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் கால்வாசி வெட்டினாலே அந்த இடத்து வலு 56 சதவீதமாக இறங்கிவிடும். சுவரில் உட்காரும் முனைப் பக்கமும் வேண்டாம். நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசை அங்கேதான் அதிகம்.

20 அல்லது 25 மி.மீ. ஒயரிங் பைப்புக்கு, மேலே சொன்ன அளவுகளுக்குள் அடங்கும் நல்ல மரத்தில் சிக்கல் வராது. ஏசிக் குழாய்க்கு 65 மி.மீ. துளை என்றால், 40 சதவீதக் கணக்குப்படி சுவர்க் கட்டைக்கு 163 மி.மீ. அகலமும், மூன்றில் ஒரு பங்குக் கணக்குப்படி உத்திரத்துக்கு 195 மி.மீ. உயரமும் வேண்டும். அது இல்லையென்றால் குழாய்தான் சுற்றிப் போக வேண்டும்.

துளைக்கும் முன் மரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே கறையான் தின்றிருக்கலாம். கணுவையும் பொருத்துகளையும் விட்டு விலகுங்கள். கணுவைச் சுற்றி நார் ஏற்கெனவே வளைந்திருக்கும். பொருத்தில் ஆசாரி ஏற்கெனவே மரத்தைக் குடைந்திருப்பார். இரண்டு மழைக்காலமும் பெய்கிற மாவட்டம் இது, பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள்.

கூரையில் போடும் பனஞ்சட்டமான பனங்கைக்கு இந்த நடுக்கோட்டு விதியை அப்படியே பொருத்த முடியாது. பனையின் வலு முழுக்க வெளிப்புறத்துக் கருத்த கெட்டிப் பகுதியான வைரத்தில் இருக்கிறது, உட்புறம் மெத்து. அறுத்த பனங்கையில் வைரம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அந்தப் பக்கத்தைத் தொடாமல் விடுங்கள். சந்தேகமாக இருந்தால் துளைக்காமல் கிளாம்பு போட்டு ஒயரைக் கட்டுங்கள்.