பிராங்கிங் முத்திரை தபாலில் சேர்த்ததற்குச் சாட்சி ஆகாது

உள்தணிக்கைக்காகச் சென்னையில் நான் போகும் அலுவலகங்களில் தபால் பிரிவு பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியிலோ ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்திலோ ஒண்டிக்கொண்டிருக்கும். நிதிப் பிரிவை நாள் கணக்கில் குடைகிறவர்கள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே இருக்கும் பிராங்கிங் இயந்திரத்துக்குள் ரொக்கத்துக்குச் சமமான தொகை இருக்கிறது. அது அச்சிடும் தேதியை நம்பி வழக்குத் தொடுக்கிறார்கள், பொதுக்குழுக் கூட்டம் கூட்டுகிறார்கள். இரண்டிலும் அசட்டை அதிகம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒப்பந்தப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்தியதாகக் குத்தித் தரும் பிராங்கிங் வேறு. இது தபால் தலைக்குப் பதிலாக உறையின் வலது மேல் மூலையில் அச்சாவது. அஞ்சல் துறையிடம் உரிமம் பெற்று, முன்பணம் கட்டி, அந்தத் தொகையை இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, கடிதத்துக்குக் கடிதம் கழித்துக்கொள்கிறோம். எச்சில் தொட்டுத் தபால் தலை ஒட்டிய காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை.

கோளாறு அந்த முத்திரையில் இருக்கும் தேதியில் தொடங்குகிறது. நுங்கம்பாக்கத்தில் ஒரு நிதி நிறுவனத்தில், திரும்பி வந்த காசோலைகளுக்கு அனுப்பிய நோட்டீஸ் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றில் அஞ்சலக ரசீதைக் காணோம். தபால் பிரிவில் இருந்தவர் பதறவே இல்லை. முத்திரையிட்ட உறையை அனுப்புவதற்கு முன் எடுத்து வைத்த நகலைக் காட்டி, “தேதி இதிலேயே இருக்கிறதே சார், தனியாக ரசீது எதற்கு?” என்றார்.

அந்தத் தேதியை அச்சிட்டது அவர்களுடைய சொந்த இயந்திரம். கட்டணம் கழிக்கப்பட்டதற்கு அது அத்தாட்சி. கடிதம் அலுவலக வாசலைத் தாண்டியதற்கு அல்ல. செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவுப்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். முப்பதாம் நாள் மாலை முத்திரையிட்ட உறையை முப்பத்தோராம் நாள் காலையில் அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனால், உறை ஒரு தேதியும் ரசீது இன்னொரு தேதியும் சொல்லும். எதிர்த்தரப்பு வக்கீல் எந்தத் தேதியைப் பிடித்துக்கொள்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொது உட்பிரிவுகள் சட்டம், 1897, 27-வது பிரிவில் மூன்று காரியங்களைக் கேட்கிறது: முகவரி சரியாக இருக்க வேண்டும், கட்டணம் முன்கூட்டியே செலுத்தியிருக்க வேண்டும், பதிவுத் தபாலில் சேர்த்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால், வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தில் கடிதம் சேர்ந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது மற்றவர் பொறுப்பு. காசோலை நோட்டீசுக்கும் இது பொருந்தும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த மூன்றில் பிராங்கிங் இயந்திரம் பார்த்துக்கொள்வது நடுவில் உள்ள ஒன்றை மட்டுமே.

சாதாரணத் தபாலுக்கு அஞ்சலகத்தில் சீல் குத்தி வாங்கிவந்த ‘சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்’ 2011-லேயே நின்றுபோனது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்டுக்குள் சேர்ந்துவிட்டது. இப்போது ஸ்பீடு போஸ்ட் கட்டணத்துக்கு மேல் 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கொடுத்து ‘பதிவு’ வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். அப்படிச் செய்தால் பெறுநரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும்தான் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் வெறும் ஸ்பீடு போஸ்டாகப் போகும். பல அலுவலகங்களில் இந்த மாற்றமே தபால் பிரிவுக்கு எட்டவில்லை, ஒப்புகை அட்டையோடு கூடிய பதிவுத் தபாலைக் குறிக்கும் பழைய ‘ஆர்.பி.ஏ.டி.’ ரப்பர் ஸ்டாம்பை இன்னும் உறையில் குத்திக்கொண்டிருக்கிறார்கள். சட்ட நோட்டீசில் 5 ரூபாய்க்குச் சிக்கனம் பார்ப்பது எனக்குப் புரியாத கணக்கு.

நிறுவனப் பொதுக்குழு அறிவிப்பும் இதே சங்கதிதான். 21 முழு நாட்கள் முன்னதாக, அதாவது அறிவிப்பு கிடைத்த நாளையும் கூட்ட நாளையும் சேர்க்காமல் எண்ணி, அறிவிப்பு தர வேண்டும். தபாலில் அனுப்பினால், சேர்த்து 48 மணி நேரம் கழித்துத்தான் கிடைத்ததாகக் கணக்கு. முத்திரைத் தேதியிலிருந்து நாளை எண்ணத் தொடங்கினால், ஒரு சனி ஞாயிறு குறுக்கே வந்தாலே கூட்டத்தின் செல்லுபடி கேள்விக்கு உள்ளாகும்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. முத்திரையிட்ட நாளிலேயே சேர்க்க வேண்டும். அதையும் உரிமத்தில் குறிப்பிட்ட அஞ்சலகத்தில், முகவரிப் பக்கம் ஒரே வாக்கில் இருக்கும்படி கட்டுக் கட்டி ஒப்படைக்க வேண்டும். தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போடக் கூடாது. மாலை நான்கு மணிக்கு மேல் வரும் கடிதத்துக்கு அன்று முத்திரை கிடையாது என்று எழுதி ஒட்டுங்கள். இயக்குநரே வந்து நின்றாலும் கிடையாது.

இனிப் பணம். இயந்திரத்தில் இரண்டு எண்கள் ஓடுகின்றன. ஒன்று இதுவரை செலவான மொத்தம், அது ஏறும். மற்றது மீதி, அது இறங்கும். இரண்டையும் கூட்டினால் வரும் தொகை, மறுபடி பணம் ஏற்றும்வரை மாறவே கூடாது. காலையில் செலவு 88,000, மீதி 12,000 என்று வைத்துக்கொள்வோம்; கூட்டினால் 1,00,000. மாலையில் 88,620, 11,380. கூட்டுத்தொகை அதேதான், ஆகவே இயந்திரம் ஒழுங்காக இருக்கிறது. அன்றைய செலவு 620 ரூபாய். பெரும்பாலான தபால் பிரிவுகள் இதோடு பதிவேட்டை மூடிவிடுகின்றன.

மூடக் கூடாது. அனுப்புகைப் பதிவேட்டில் அன்றைக்குள்ள கடிதங்களின் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அங்கே 540 என்று வந்தால், 80 ரூபாய்க்குக் கணக்கில்லாத உறைகள் போயிருக்கின்றன. ஆவணியிலும் தை மாதத்திலும் இந்த வித்தியாசம் கொஞ்சம் கூடும். யார் வீட்டில் கல்யாணம் என்று விசாரித்தால் விடை கிடைத்துவிடும். தொகை சின்னதுதான். ஆனால் யாரும் பார்ப்பதில்லை என்பது தெரிந்த பிறகு அது சின்னதாகவே இருப்பதில்லை. இயந்திரத்தை இயக்குபவரும் இந்த ஒப்பீட்டைச் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. 5 ரூபாய்க்குப் பதில் 50 அச்சாகிவிட்டால் உறையைக் கிழித்துப் போடவும் கூடாது. முழு உறையோடு அஞ்சலகத்தில் விண்ணப்பித்து ஈடு கேட்க வழி இருக்கிறது.

எடை விஷயத்தில் கண்ணளவை நம்புகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 80 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் காகிதம் 80 கிராம். ஏ4 தாள் அதில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே தாள் ஒன்று 5 கிராம். மூன்று தாளும் ஒரு நீள உறையும் சேர்ந்தால் ஏறத்தாழ 20 கிராம். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். அதாவது, அலுவலகத்தில் அதிகம் போகும் மூன்று பக்கக் கடிதம் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஒரு ஸ்டேப்ளர் பின்னும் ஒரு ரசீதுத் துண்டும் சேர்ந்தால் தாண்டிவிடும். ஐப்பசி மழையில் காகிதம் ஈரம் இழுத்து இன்னும் கொஞ்சம் கனக்கும்; அலமாரியில் அடுக்கிய உறைகள் யாரும் தொடாமலே வாய் ஒட்டிக்கொள்ளும். குறைவாக முத்திரையிட்டால் பற்றாக்குறையின் இரு மடங்கை வாடிக்கையாளரிடம் கேட்பார்கள். அவர் வாங்க மறுத்தால் கடிதம் நம்மிடமே திரும்பும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் தராசு இல்லாத அலுவலகங்களை அடிக்கடி பார்க்கிறேன். இயந்திரத்துக்கு அவ்வளவு செலவழித்தவர்கள் தராசுக்கு ஏன் யோசிக்கிறார்களோ!

முகவரியைப் பற்றி நம் ஊரில் தனியாகவே எழுதலாம். பழைய எண், புதிய எண் இரண்டையும் போடுங்கள். காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் இல்லாத பேட்டை சென்னையில் ஏது? அஞ்சல் குறியீட்டெண்தான் வழி காட்டும். அது பேட்டையின் பெயரைப் பார்ப்பதில்லை, கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அஞ்சலகத்தைப் பார்க்கிறது. ஆழ்வார்பேட்டை மயிலாப்பூருக்குப் பக்கம்தானே என்று 600 018 போட வேண்டிய இடத்தில் 600 004 போட்டால் கடிதம் சுற்றிக்கொண்டுதான் வரும்.

நாளைக்குப் பத்துக் கடிதம் அனுப்பும் அலுவலகத்துக்கு இந்த இயந்திரமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அஞ்சலகக் கவுன்டரே போதும். பெரிய அலுவலகங்களுக்கு வேறொரு எச்சரிக்கை. அண்ணா சாலையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலைக்கு இடம் மாறும் நிறுவனங்கள் நாற்காலி மேசையோடு பிராங்கிங் இயந்திரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. உரிமம் பழைய முகவரிக்கும் பழைய அஞ்சலகத்துக்கும் கொடுத்தது. முத்திரையிலேயே உரிம எண்ணும் அஞ்சலகத்தின் பெயரும் இருப்பதால், புது இடத்துச் சோழிங்கநல்லூர் அஞ்சலகக் கவுன்டரில் அதைத் திருப்பிக் கொடுக்க இடமுண்டு. மாறுவதற்கு முன்பே அஞ்சல் துறைக்கு எழுதி, உரிமத்தைத் திருத்தி வாங்கிய பிறகு புது இடத்தில் முதல் உறையைச் செருகுங்கள். அதுவரை அவசரக் கடிதங்களைக் கவுன்டரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.