சிமென்ட் தோலை உரித்தால் தெரியும் வீடு

புதுச்சேரி வைசியாள் வீதியில், மீட்டெடுத்த வீடுகளின் முன்னால் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம் இருக்கிறது. அதன் நிழலில் திண்ணை. அதே தமிழர் பகுதியில் இவற்றை இழந்த வீடுகளும் உண்டு. திண்ணையை அடைத்துக் கடை, மேலே கான்கிரீட் சன்ஷேடு, முகப்பெங்கும் குளியலறை டைல்ஸ். இப்படி ஒரு வீட்டை மீட்க நினைப்பவர்கள் முதலில் வரைபடம் கேட்கிறார்கள். வேலையோ சுவரில் தொடங்க வேண்டும்.

பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால், தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியின்றி இன்னும் உயரே ஏறுகிறது. கடலோர ஊர் என்பதால் கூடவே உப்பும் ஏறும். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், குறைந்தால் படிகமாகும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது, வளரும் படிகம் செங்கல்லின் நுண்துளைகளை நெம்பி உடைக்கிறது. பூச்சைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடத்தில், உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்து கிடக்கும்.

ஆகவே முதலில் குழாய்க் கசிவையும் ஏசி சொட்டையும் நிறுத்துங்கள். பிறகு சிமென்ட்டைச் சுத்தியும் உளியும் கொண்டு மேலிருந்து கீழாக உரியுங்கள். மின் உளி வேண்டாம். சிமென்ட்டோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்துவிடும். சன்ஷேடு உள்ளே விட்டத்தோடு பிணைந்திருக்கலாம். முட்டுக் கொடுக்காமல் வெட்டக் கூடாது. பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தள்ளி வாரி அகற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்று மணல். மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக, குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லின் தூளைச் சேர்த்தால் ஈரமான இடத்திலும் இறுகும். கடல் மணலைத் தொடவே கூடாது. நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, குறைந்தது சில வாரங்களாவது ஊறவிடுங்கள். அவசரப்பட்டால், நீறாத துணுக்குகள் பூசிய பின் நீறிப் பெருத்து, சுவரில் கிண்ணம் கிண்ணமாகத் தெறிக்கும்.

சுவரை நன்கு நனைத்துவிட்டு 10 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் ஒரு கை பூசுங்கள். அடுத்த கைக்கு ஒரு வாரமாவது விடுங்கள். ஈரச் சாக்கு கட்டி இரண்டு வாரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சித் திரும்பக் கல்லாகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை. வெயிலில் சட்டென்று உலர்ந்தால் கல்லாகாமல் பொடியாகும். எவ்வளவு ஆழம் இறுகியது என்று பார்க்க, ஓரத்தில் சிறு துண்டு உடைத்துப் பினால்ப்தலீன் என்ற காரங்காட்டித் திரவத்தை விடலாம். இன்னும் கல்லாகாத பகுதி அடர் இளஞ்சிவப்பாகும், இறுகிய மேற்புறம் நிறம் மாறாது.

“பிடிப்புக்கு ஒரு கை சிமென்ட்” என்று கொத்தனார் கேட்பார். தயவுசெய்து மறுத்துவிடுங்கள், ஓதம் மறுபடி அடைபடும்.

சுவர் தேறிய பிறகுதான் தாழ்வாரம். மரத்தூணின் அடியைக் கல்மேல் நிறுத்துங்கள், தரை ஈரம் மரத்தில் ஏறாது. வண்ணத்துக்குச் சுண்ணாம்பில் காவி போன்ற இரும்பு மண் நிறங்களைக் கலக்கலாம். அதன் காரத்தில் அவை வெளுக்காது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும். அதனால் முன்னதாகவே சுவரில் ஒரு முழச் சதுரம் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் பார்த்து முடிவு செய்யுங்கள்.