பல்வலிக்குப் போகும் இடத்திலேயே பீடியை விடவும் உதவி: அரசு பல் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் பக்கம் பல்வலி வந்தால் முதலில் கிராம்புத் தைலம், அப்புறம் மருந்துக்கடை மாத்திரை, அதற்கும் கேட்காவிட்டால்தான் பல் டாக்டர். அப்படி அரசு மருத்துவமனைக்குப் போகிற பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும் போலவே, பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை இவற்றை விட ஆலோசனை சொல்வதும் அங்கே இருக்கும் பல் மருத்துவரின் பொறுப்புதான். இதற்குக் கட்டணம் கிடையாது. விண்ணப்பமோ வருமானச் சான்றோ வேண்டாம். பல்லுக்காகப் போடும் அதே ஓ.பி. சீட்டு போதும்.

இதற்குப் பின்னால் இரண்டு மத்தியத் திட்டங்கள் இருக்கின்றன. 2007-08-ல் தொடங்கிய தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்று. 2014-15-ல் வந்த தேசிய வாய் சுகாதாரத் திட்டம் இன்னொன்று. முதல் திட்டத்தின்படி மாவட்ட அளவில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை மையங்கள் வந்தன. 2018-ல் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இத்தகைய மையங்களை நடத்துவதற்கான வழிகாட்டி நெறிமுறைகள் வெளியாயின. ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நடப்பில், வரிசையில் நிறையப் பேர் நிற்கும் நாளில் டாக்டர் பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார். அதனால் நீங்களே வாயைத் திறந்து கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

கேட்காமல் கிடைப்பது எவ்வளவு குறைவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2016-17-ல் நாடு முழுக்க எடுத்த வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. அதே கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டில் மருத்துவரையோ சுகாதாரப் பணியாளரையோ பார்த்தவர்களிடம் ‘விடச் சொன்னார்களா?’ என்று கேட்டார்கள். இந்திய அளவில், புகைப்பவர்களில் 48.8 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். வாயில் அடக்கி மெல்லுகிறவர்களில் 31.7 சதவீதம்தான். சிகரெட் வாடை காட்டிக்கொடுத்துவிடும். வெற்றிலைக்குள் மடித்த புகையிலையை யாரும் விசாரிப்பதில்லை. நம் பக்கம் இது பெரிய ஓட்டை. வயதான ஆச்சிகள் பலர் ‘நமக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை’ என்று மனதாரச் சொல்வார்கள். வெற்றிலைப் பெட்டியில் ஓரமாக இருக்கும் புகையிலைக் காம்பு அவர்கள் கணக்கில் பழக்கமாகவே வராது.

சரி, இதை ஏன் பல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று பெரிய டாக்டரிடம் போகும்போது பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே நோயாளி ஆகியிருப்பார். பல் டாக்டரிடம் போகிறவர் மற்றபடி நன்றாக இருக்கிறவர். அவர் வாயில்தான் புகையிலையின் முதல் அடையாளங்கள் தெரியும். கறை எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது ஈறு விஷயம். நிகோடின் ஈறுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால் ஈறு உள்ளுக்குள் கெட்டுப்போனாலும் பல் தேய்க்கும்போது ரத்தம் வராது. ரத்தம் வராததால் ஈறு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்போம். ஒருநாள் பல் ஆடத் தொடங்கும். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், புகையிலை அடக்கும் இடம் இவற்றில் வரும் வெள்ளைத் திட்டையும் சிவப்புத் திட்டையும் முதலில் பார்ப்பவர் அவரே. இவற்றில் சில பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியவை.

பல் பிடுங்கும் நாள்தான் பழக்கத்தை விட நல்ல நாள் என்பது என் கருத்து. பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றால்தான் புண் ஆறும். பீடியை இழுக்கும் வேகமும் புகையும் சேர்ந்து அந்தக் கட்டியைக் கலைத்துவிட்டால் உள்ளே எலும்பு தெரியும், வலி உயிரை வாங்கும். ஆகவே எப்படியும் டாக்டர் சில நாள் புகைக்காதே என்பார். நிகோடினை நிறுத்தியவருக்கு எரிச்சல், தூக்கமின்மை, கை பரபரப்பு எல்லாம் உச்சத்தில் இருப்பதும் ஏறக்குறைய முதல் மூன்று நாட்கள்தான். பல் வலிக்குப் பயந்து அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் கடினமான பகுதியில் பாதி கழிந்த மாதிரி. “பல் பிடுங்குறதோட இதையும் விடலாம்னு இருக்கேன், என்ன செய்யணும் டாக்டர்?” என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

கேட்டால் என்ன நடக்கும்? ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையைப் பின்பற்றுவார்கள். பயன்படுத்துகிறீர்களா என்று கேட்பது, விடச் சொல்வது, விட மனம் இருக்கிறதா என்று பார்ப்பது, அதற்கு உதவுவது, மறுபடி வரச் சொல்வது. நல்ல டாக்டராக இருந்தால் கேள்வி இப்படி வரும்: “ஆச்சி, வெத்தலையோட புகையிலை வச்சுக்குவீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ராத்திரி வாயிலேயே வச்சுக்கிட்டுத் தூங்கிருவீங்களா?” கடைசிக் கேள்வி முக்கியம். காலையில் எழுந்ததிலிருந்து முதல் பீடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கேள்வியும் அப்படித்தான். ஐந்து நிமிடத்துக்குள் கை தேடுகிறது என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. வெறும் மன உறுதி போதாது, மருந்தும் வேண்டியிருக்கும். கூச்சப்பட்டு எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் நட்டம் நமக்கே. மருந்தின் அளவு இந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகும்.

‘முன்பு எப்போதாவது விட்டதுண்டா?’ என்றும் கேட்பார்கள். இல்லை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களும் நம் ஊரில் எத்தனை பேர்! மாலை கழுத்தில் இருக்கும்வரை பீடியைத் தொடாத ஆள், மாலையைக் கழற்றிய அன்றே டீக்கடை வாசலில் பற்றவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் ஒரு முயற்சியாகவே ஆலோசகர் எடுத்துக்கொள்வார். அத்தனை நாள் எது தாங்கிப் பிடித்தது, கழற்றிய பிறகு எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது திரும்ப வந்தது என்பதிலிருந்துதான் உங்களுக்கான திட்டமே தொடங்கும். நாள் குறிப்பது, வீட்டில் சொல்லிவைப்பது, ஆசை எழும் அந்தச் சில நிமிடங்களைத் தண்ணீர் குடித்தோ கொஞ்சம் நடந்தோ தள்ளிப்போடுவது எல்லாம் அதற்குள் வரும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவை 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இருப்பதாலேயே எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பு இருக்கும் என்று அர்த்தமாகாது. மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். வெளியே வாங்குவதானால் 2 மில்லிகிராம் சூயிங்கத்துக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை, 4 மில்லிகிராமுக்குத் தேவை. எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவர்களுக்கு வழக்கமாக 4 மில்லிகிராம் கொடுப்பார்கள்.

இந்த சூயிங்கத்தை வெற்றிலை மாதிரி குதப்பிச் சாற்றை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் அல்லது சுருசுருப்பு தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். கன்னத்தின் தோல் வழியாகத்தான் நிகோடின் ஏறும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம், மெல்லும்போதும் வேண்டாம். பல்செட் போட்டவர்களுக்கு இது ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும், அவர்கள் வேறு வகையைக் கேட்கலாம். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம். பல் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பேச்சோடு இந்த மாதிரி மருந்தும் சேரும்போது விடுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்கிறார்கள். ஒரே ஒரு தடவை கேட்ட அறிவுரைக்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. ஆகவே மறுபடி வரச் சொன்னால் போங்கள்.

விட்ட பிறகு நிறையப் பேரைக் குழப்பும் விஷயம் ஒன்று. சில நாட்களில் ஈறில் ரத்தம் வரத் தொடங்கலாம், வாய்ப்புண் வரலாம். ‘புகையிலை இருந்தவரைக்கும் வாய் நல்லாத்தான இருந்துச்சு, விட்டதும் இப்படி ஆயிருச்சே’ என்று பழையபடி ஆரம்பிப்பவர்கள் உண்டு. சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் இயல்புக்குத் திரும்புவதால், மறைந்திருந்த ஈறு நோய் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். பல்லைச் சுத்தம் செய்துகொண்டால் ரத்தம் நிற்கும். வாய்ப்புண்ணும் தானாக ஆறும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ திட்டோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும்.

எங்கே போவது? எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் மருத்துவர் இருக்க மாட்டார். பொதுவாக மேம்படுத்தப்பட்ட வட்டார நிலையங்களில்தான் பல் பிரிவு இருக்கும். எந்த நாளில் இருப்பார் என்பதை உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. காரைக்குடிக்காரர்கள் நகரில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். மேல் சிகிச்சைக்கு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. செட்டிநாட்டின் வடக்கு ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் வருகின்றன. அங்கே 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு அரசு பல் கல்லூரி என்றால் சென்னை, இல்லாவிட்டால் சிதம்பரம். நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் ராஜா குடும்பம் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல் கல்லூரியாக முன்பு இருந்ததுதான் சிதம்பரத்தில் இருப்பது. கல்வி நம் ஊர்க் காசில் அங்கே போனது, பல்வலிக்கு நாம் அதன் பின்னால் போனோம்.

நேரில் போக முடியாதவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருக்கிறது. 2016-ல் தொடங்கியது, தமிழிலும் பேசுகிறார்கள். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, திங்கட்கிழமை விடுமுறை. எண்ணைத் தேடி அலைய வேண்டாம், 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட், பீடி, புகையிலை உறைகளிலேயே அச்சிடுகிறார்கள். பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அடுத்த தடவை போகும்வரை நடுவில் பிடித்துக்கொள்ள இந்த எண் உதவும்.

ஹான்ஸ், கூல் லிப் என்று பாக்கெட்டில் வரும் வாய்ப் புகையிலையைப் போடுகிறவர்கள், அதிலும் பையன்கள், சொல்லப் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைப் பொருட்களுக்கும் தடை இருப்பதால், சொன்னால் போலீஸ் வருமோ என்று. அந்தத் தடை தயாரிப்பவர், பதுக்குபவர், கடத்துபவர், விற்பவர் மேல்தான். போட்டுப் பழகியவர் டாக்டரிடம் உதவி கேட்பதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

வெறும் பாக்கு மட்டும் போடுகிறவர்களும் இதைக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்குவதைப் பற்றிப் பேசவில்லை. நாள் முழுக்க வாயில் பாக்கு ஊறுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன். வாயைத் திறக்கும்போது இறுக்கமாக இருக்கிறது, முன்பு போல மூன்று விரல் உள்ளே போகவில்லை, சாதாரணக் குழம்பே கன்னத்தில் எரிகிறது என்றால் அடுத்த பல்வலிக்குக் காத்திருக்காதீர்கள்.

30 வயது தாண்டியவர்களுக்கு அரசின் தொற்றா நோய்ப் பரிசோதனையில் சர்க்கரை, ரத்தக்கொதிப்போடு வாய்ப் பரிசோதனையும் அடக்கம். சந்தேகமான திட்டு இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க மேலே அனுப்புவார்கள். ஒருவேளை புற்றுநோய் என்று உறுதியானால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அதற்கு மட்டும் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் வேண்டும்.