முந்திரிகைக் கொடியை வெட்டினாத்தான் காய்க்கும், ஏன்?

கோண்டாவிலில இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தா, முந்திரிகை (திராட்சை)ப் பந்தல் முழுக்கப் பச்சைப் பசேலெண்டு கிடக்கு ஆனா ஒரு குலையும் இல்லை, யூரியாவும் போட்டுப் பாத்தாச்சு, மாமி கண்ணூறு எண்டு பந்தல் காலில பழஞ்செருப்பும் கட்டிவிட்டா, இனி என்ன செய்யிறது எண்டு. அக்கா, செருப்பை அவிட்டு விடுங்கோ. கண்ணூறெண்டு கைவிட்டு எத்தினை நல்ல கொடியளை எங்கட சனம் தறிச்சுப் போட்டுது, அதுதான் எனக்குக் கவலை.

குளிர் நாட்டில மாரி வந்தா முந்திரிகை இலையைக் கொட்டிட்டு நித்திரையாப் போயிடும், வசந்தத்தில எல்லா அரும்பும் சேர்ந்து முளைக்கும். யாழ்ப்பாண வெயிலில அதுக்கு நித்திரையே இல்லை, நுனி வளந்துகொண்டே போகும், நுனியில சுரக்கிற ஒட்சின் எண்ட வளர்ச்சி ஓமோன் கீழ இருக்கிற அரும்புகளை அமத்தி வைச்சிருக்கும். இது பள்ளிக்கூடத்தில படிச்சதுதான். நுனியை வெட்டினா அமத்தல் போகும், அரும்பு முளைக்கும். ஆனா முளைக்கிறதெல்லாம் குலையோட வருமோ?

இனித்தான் எனக்கு மிகவும் பிடிச்ச விசயம். கொடியில தந்து எண்டு ஒண்டு இருக்கும் பாருங்கோ, கம்பியைச் சுத்திப் பிடிக்குமே அந்தச் சுருள், அது இலைக்கு நேரெதிர்ப் பக்கத்தில நிக்கும். குலை வந்தா அதுவும் இலைக்கு நேரெதிரிலதான் நிக்கும். ஏனெண்டா ரெண்டும் ஒரே உறுப்பு! கொடி வளந்துகொண்டிருக்கேக்கயே இலைக் கக்கத்தில இருக்கிற அரும்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கட்டி உருவாகும், அது குலையாகிறதோ தந்தாகிறதோ எண்டு அப்ப முடிவாகியிருக்காது. நல்ல வெயிலும் சாப்பாடும் கிடைச்சு சைட்டோகைனின் எண்ட ஓமோன் கூடுதலா இருந்தா கட்டி கிளைவிட்டுக் கிளைவிட்டு பூங்குலையாகும், ஜிபரலின் எண்ட மற்ற ஓமோன் மேலோங்கினா நீண்டு தந்தாகும், நிழலுக்குள்ள கிடந்தா குலையாகிற வாய்ப்புக் குறைவு. சில நேரம் ஒரு தந்தின்ர நுனியில ரெண்டு மூண்டு காய் மட்டும் தொங்கும், கண்டிருப்பியள், அது பாதி வழியில நிண்டுபோன முடிவு.

2002இல அவுஸ்திரேலியாவில பொஸ், தோமஸ் எண்ட ரெண்டு விஞ்ஞானிகள் இதை வடிவாக் காட்டினவை. பினோ மூனியே எண்டொரு இனத்தில வெளி அடுக்குக் கலங்களில மட்டும் ஒரு மரபணு மாறியிருக்கு, அந்தக் கலத்தில இருந்து மட்டும் முழுச்செடி வளத்தா ஜிபரலின் சொல்லுக் கேக்காத ஒரு குட்டைச் செடி வந்துது, தந்து வரவேண்டிய இடங்களில எல்லாம் குலை!

இப்ப யூரியாவுக்கு வருவம். யூரியா கூடினா இலை கூடும், இலை கூடினா உள்ளுக்கு இருட்டு, இருட்டில இருந்த அரும்பை எப்ப வெட்டி முளைக்க விட்டாலும் பெரும்பாலும் தந்துதான் வரும். அதால யூரியாவை நிப்பாட்டுங்கோ, மழை முடிஞ்சு மாசியில வெட்டுங்கோ, வெயில் பட்டு மண்ணிறமா முத்தின பென்சில் மொத்தத் தடியளை வைச்சுக்கொண்டு மெல்லிசு எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ. வெட்டின வாயால தண்ணி சொட்டும், பயப்பிடாதேங்கோ, அது வேரமுக்கம். நாலு மாசத்துக்குள்ள பழம் வந்திடும், ஐப்பசி மழைக்கு முந்திப் பிடுங்கிடலாம், இல்லாட்டி ஈரத்தோட பூஞ்சணம் வந்து இலையும் பழமும் போயிடும்.

எத்தினை கணு விட்டு வெட்டிறது எண்டதுதான் இனத்துக்கு இனம் மாறும், சிலதுக்கு அடிக்கணுவிலயே குலை இருக்கும், சிலதுக்கு மேலதான், குட்டையா வெட்டினா எல்லாம் போச்சு. எங்கட செம்பாட்டு மண்ணில, கிணத்துத் தண்ணியில, இஸ்ரேல் புளூ எண்ட முந்திரிகை இனத்துக்கு எந்தக் கணுவில குலை இருக்குதெண்டு அரும்பைக் கீறி நுணுக்குக்காட்டியில பாத்துச் சொல்ல யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலயும் கிளிநொச்சியிலயும் விவசாய ஆராய்ச்சி செய்யிற இளம் ஆக்களுக்குக் காசு ஒதுக்கோணும். ஏக்கருக்கு எத்தினை கிலோ எண்டு மட்டும் கேட்டுக் காசு குடுத்தா ஒருத்தரும் அரும்புக்குள்ள பாக்கப் போறேல்லை.

புதுசா வைக்கிற ஆக்கள் நல்லாக் காய்ச்ச கொடியில இருந்தே தடி வாங்குங்கோ, விதை வேண்டாம். இன்னொண்டு, இதைப் படிச்சிட்டு மார்கழியில கறுத்தக் கொழும்பான் மாமரத்திலயும் கத்தியை வைச்சிடாதேங்கோ, மா முத்தின கிளையின்ர நுனியிலதான் பூக்கும், நுனியை வெட்டினா அந்த வருசப் பூவையும் சேர்த்து வெட்டினமாதிரி. அதுக்குப் பழம் பிடுங்கி முடிஞ்ச கையோடதான் வெட்டு.