கயிற்றைப் பிடித்திருப்பவர் எல்லாரும் இழுக்கிறார்களா?

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், தாளையடி மருதங்கேணிப் பக்கம், கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலை வேலையின்போது இரண்டு கயிறுகளிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுப்பார்கள். நடுவில் நிற்கும் ஒருவன் உண்மையில் இழுக்கிறானா, கயிற்றைப் பிடித்தபடி சும்மா நடக்கிறானா என்பது அவனுக்கு முன்னால் நிற்பவனுக்குத் தெரியாது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் லேசில் பிடிபடாது. மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்தபின் பங்கு என்னவோ எல்லாருக்கும்தான்.

ஆட்களை ஊக்குவிப்பது என்றதும் நமக்கு மேடையும் ஒலிவாங்கியும் நினைவுக்கு வருகின்றன. நல்ல பேச்சால் ஒரு மாலைப்பொழுது சூடாகும், அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் ஒருவர் மனம் வைத்து வேலை செய்வாரா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேலை அடுக்கப்பட்டிருக்கும் விதம். இதை முதலில் அளந்து பார்த்தவரும் கயிற்றைத்தான் எடுத்தார்.

அவர் மாக்ஸ் ரிங்கல்மான், பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர். 1880களில் செய்த சோதனைகளை 1913 இல் வெளியிட்டார். ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தை 100 என்று வைத்தால், இருவராகச் சேரும்போது ஆளுக்கு 93, மூவராகும்போது 85. எட்டுப் பேராகும்போது ஆளுக்கு 49 தான். எட்டுப் பேர் மூச்சுப் பிடித்து இழுத்ததில் நாலு பேரின் பலம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

இந்த இழப்புக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காமல் பலம் சிதறுவது. மற்றது, மனம் தளர்வது. இரண்டையும் பிரித்துப் பார்க்க 1974 இல் அலன் இங்கமும் அவருடைய குழுவினரும் ஒரு குறும்பு செய்தார்கள். சோதனைக்கு வந்தவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்களோ இழுப்பதுபோல முனகினார்களே தவிர இழுக்கவில்லை. ஆகவே இங்கே பலம் சிதற வழியே இல்லை. அப்படியிருந்தும், பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே முன்னால் நின்றவரின் இழுப்புக் குறைந்தது.

1979 இல் பிப் லதானேயும் அவருடைய கூட்டாளிகளும் இதையே கத்தும் சோதனையாகச் செய்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, 'உங்களோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள்' என்று சொன்னால், தனியாகக் கத்தும் சத்தத்தில் சுமார் 74 வீதம்தான் வந்தது. இதில் சோம்பேறிகள் என்று தனியாக யாரும் இல்லை. தனியாக நிறுத்தினால் தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான் இவர்கள். என் உழைப்பு கூட்டத்தில் கரைந்துவிடும், கூட்டினாலும் குறைத்தாலும் முடிவு மாறாது என்று தோன்றும்போது உடம்பு தானாகவே பிடியைத் தளர்த்திவிடுகிறது. 'இந்தக் காலத்துப் பெடியளுக்கு அக்கறை இல்லை' என்று புலம்பும் தலைவர்கள், முதலில் தாங்கள் கயிற்றில் ஆட்களை நிறுத்தியிருக்கும் விதத்தைப் பார்ப்பது நல்லது.

1981 இல் அதே குழுவினர் ஒரேயொரு மாற்றம் செய்தார்கள். கூட்டத்தில் கத்தினாலும் ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று நம்பவைத்தார்கள். தளர்வு காணாமல் போயிற்று. திட்டவும் இல்லை, பரிசு கொடுக்கவும் இல்லை.

நம்மூர்ச் சிரமதானத்தில் இது அப்படியே தெரியும். கோயில் கேணி துப்புரவாக்க சனசமூக நிலையம் நாற்பது பேரைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'எல்லாரும் சேர்ந்து செய்வம், வாங்கோ' என்று தொடங்கினால், பத்து மணிக்குப் பிளேன்ரீ வரும்போது பாதிப் பேர் மண்வெட்டியில் சாய்ந்து அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். விவரமான செயலாளர் வேறு மாதிரிச் செய்வார். மண்வெட்டி நுனியால் கரையில் கோடு கீறி, 'தம்பி, இந்தக் கோட்டிலையிருந்து அந்த வேம்பு மட்டும் நீங்கள் நாலு பேர். அங்காலை மாமா ஆக்கள்' என்பார். கேணி அதேதான், ஆட்களும் அவர்களேதான். ஆனால் இப்போது வெட்டிய மண் யாருடையது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரிவது வேறு, கண்காணிப்பது வேறு. அலுவலகங்களில் விரல் அடையாளம் வைக்கும் இயந்திரம் ஆள் வந்த நேரத்தைச் சொல்லும். வந்தவர் இழுத்தாரா என்பதைச் சொல்லாது. எதை அளக்கிறோமோ அதைத்தான் ஆட்கள் ஒழுங்காகச் செய்வார்கள். ஆகவே எட்டு மணிக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள்.

பலம் சிதறும் சிக்கலுக்கு நம் கடற்கரை எப்போதோ மருந்து கண்டுவிட்டது: வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ சொல்லும் நொடியில் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும். பாட்டு நேரத்தைப் பிடித்துக் கொடுப்பதோடு நிற்கவில்லை போலும். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத் துடுப்புப் படகு வீரர்களை வைத்து 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், தனியாகப் பயிற்சி செய்தபோதும் ஒன்றாகத் தாளம் பிடித்துச் செய்தபோதும் உழைப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சேர்ந்து செய்த பிறகு அவர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிந்தது. உடம்பே சுரக்கும் வலிநீக்கியான எண்டோர்பின் இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்கள் வெறும் 12 பேர் என்பதால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அம்பா பாடி வலை இழுத்த ஒருவரிடம் கேட்டால் அவர் வியப்படையப் போவதில்லை.

கூட்டம் எப்போதும் ஆளைத் தளர்த்தும் என்றும் இல்லை. 1920களில் ஜெர்மன் உளவியலாளர் ஒட்டோ கோலர், பெர்லின் துடுப்புக் கழகத்தினரை எடை தூக்கவைத்தார். இருவரில் ஒருவர் விட்டாலும் ஆட்டம் முடிந்தது என்ற நிலையில், பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் பலத்துக்கும் இடையிலான வித்தியாசம் மிதமாக இருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்தது. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்றால் பலவீனமானவர் கைவிட்டுவிடுகிறார். புதிதாக வந்தவரை ஆகத் திறமையானவரோடு சோடி சேர்க்கும் வழக்கத்தை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். ஒரு படி மேலே இருப்பவரே போதும்.

இனி, இழுப்பது எதற்காக என்ற கேள்வி. 2007 இல் ஆடம் கிராண்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்பவர்களைப் பற்றியது. அலுப்பான வேலை, பேச்சு வேறு வாங்க வேண்டும். அவர்களில் ஒரு பிரிவினர், அந்தப் பணத்தில் புலமைப்பரிசில் பெற்ற மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், தொலைபேசியில் அவர்கள் செலவிட்ட நேரம் 142 வீதமும் திரட்டிய பணம் 171 வீதமும் கூடியிருந்தன. மாணவரின் கடிதத்தை மட்டும் வாசித்தவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் குளிரில் ரிக்கெற் விற்றுத் தங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கு, அதிபரின் நன்றிக் கடிதத்தைவிட ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிட வீடியோ அழைப்பு பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

1993 இல் ஸ்டீவன் காராவும் கிப்லிங் வில்லியம்ஸும் 78 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வேலை தமக்கு முக்கியம் என்று பட்டவர்களிடமும், ஒருவரையொருவர் மதிக்கும் குழுக்களிடமும் இந்தத் தளர்வு குறைவாக இருந்தது தெரிந்தது. அயலும் உறவும் ஒரே கயிற்றில் நிற்கும் கரைவலைக்கு அந்தப் பாதுகாப்பு இயல்பாகவே உண்டு. ஒருவரையொருவர் தெரியாத இருநூறு பேரை ஒரே மண்டபத்தில் இருத்தி வேலை வாங்கும் மேலாளருக்கு அது இல்லை. அவர் செய்யக்கூடியது, இருநூறை எட்டெட்டாகப் பிரித்து, ஒவ்வொரு எட்டுக்கும் தன் கையால் ஒரு கோடு கீறிக் கொடுப்பது.