உங்க வீட்டு காத்து மீட்டர் எந்த கேஸை அளக்குதுன்னு பாத்தீங்களா?

"சார், ஜன்னலெல்லாம் திறந்துதான் கிடக்கு, ஆனா கார்பன் டைஆக்சைடு 2000ன்னு காட்டுது, பயமா இருக்கு"ன்னு ஒருத்தர் மீட்டரையே கையில தூக்கிட்டு வந்தாரு. விசாரிச்சா, மேஜையில மீட்டருக்குப் பக்கத்துலயே சானிடைசர் பாட்டில் இருந்திருக்கு. உள்ள இருந்தது கார்பன் டைஆக்சைடு சென்சாரே இல்ல, மெட்டல் ஆக்சைடு சென்சார். ஆல்கஹால் ஆவிய பிடிச்சு அதுலேர்ந்து ஒரு உத்தேச கணக்கு போட்டுக் காட்டியிருக்கு. பெட்டியில 'இ-சிஓ2'ன்னு இருந்தா அது அளந்த நம்பர் இல்லங்க, ஊகம். நிஜமா அளக்கறதுல 'என்டிஐஆர்'னு (அகச்சிவப்பு ஒளிய வச்சு அளக்கற முறை) போட்டிருக்கும், பாத்து வாங்குங்க.

கேஸ் சென்சார்லயே வேலை பாக்கறதால இத சொல்லாம இருக்க முடியல. மெட்டல் ஆக்சைடு சென்சார்கள்ல பரவலா இருக்கற டின் ஆக்சைட 200லேர்ந்து 400 டிகிரி வரைக்கும் சூடாக்கி வச்சா காத்துல இருக்கற ஆக்சிஜன் அது மேல ஒட்டிக்கிட்டு எலக்ட்ரான பிடிச்சு வச்சுக்கும், ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறும், அப்புறம் ஆல்கஹாலோ கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவோ வந்தா அந்த ஆக்சிஜனோட சேர்ந்து எலக்ட்ரான விடுவிச்சுடும், ரெசிஸ்டன்ஸ் இறங்கிடும். இந்த ஏத்த இறக்கம் மட்டும்தான் சென்சாருக்குத் தெரியும், வந்தது எந்த கேஸ்னு தெரியாது. துகள் சில நானோமீட்டர் அளவுக்கு சின்னதானா கிட்டத்தட்ட முழுத் துகளுமே மேற்பரப்பு மாதிரி ஆயிடும், அதனால துளி கேஸுக்கே ரெசிஸ்டன்ஸ் அசையும். 2007ல கிராஃபீன்ங்கற ஒரே அணு தடிமன் உள்ள கார்பன் தாள் மேல ஒத்த மாலிக்யூல் வந்து ஒட்டறதையே லேப்ல பாத்துட்டாங்க. ஆனா நுணுக்கமா உணர்றது வேற, ஆள் அடையாளம் சொல்றது வேற.

மூச்சுல இருக்கற அசிட்டோன (உடம்பு கொழுப்ப எரிக்கும்போது வர்ற ஒரு பொருள்) வச்சு சுகர் பாக்கற ஆராய்ச்சி நிறைய நடக்குது, எனக்கும் அதுல ரொம்ப நம்பிக்கை உண்டு. ஆனா மூச்சு முழுக்க ஈரம், ஈரமே ரீடிங்க நகத்திடும், பட்டினி கிடந்தாலும் அசிட்டோன் ஏறும். அத நம்பி ரத்த டெஸ்ட நிறுத்தறதோ இன்சுலின் அளவ மாத்தறதோ தயவுசெஞ்சு வேண்டாம்.

என்ன ரொம்ப கவலைப்பட வைக்கறது கார்பன் மோனாக்சைடுதான். வாசனை கிடையாது, ஹீமோகுளோபின ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். இதுக்கு அந்த காத்து மீட்டர நம்பாதீங்க, சான்றிதழ் உள்ள தனி அலாரமே வாங்குங்க. இன்னொன்னு, டெஸ்ட் பட்டன அழுத்தினதும் கத்துதேன்னு நிம்மதியா இருக்காதீங்க, பெரும்பாலான அலாரத்துல அது சத்தமும் சர்க்யூட்டும் வேலை செய்யுதான்னு மட்டும்தான் பாக்கும், சென்சார் உள்ள செத்துப் போயிருந்தாலும் கத்தும். அலாரத்துக்குப் பின்னாடி எப்ப மாத்தணும்னு தேதி போட்டிருக்கும், இன்னைக்கே கழட்டி ஒரு தடவ பாத்துடுங்க.