ரெஃபரன்ஸ்: நற்சான்றா, சான்றுரையா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வேலை விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வரும் பிள்ளைகள் பெயர், அடையாள அட்டை எண், படிப்பு வரைக்கும் விறுவிறுவென்று எழுதிவிடுவார்கள். நம்மைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்கும் ‘ரெஃபரன்ஸ்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். செம்பனை ஆலை அலுவலகத்தில் நான்கு வருடம் வேலை செய்த ஒரு பெண் போன வாரம் அங்கேதான் நின்றாள். ஈப்போவில் புது வேலைக்கு எழுதுகிறாள். பழைய மேலாளரோடு கடைசி மாதத்தில் மனத்தாங்கல். “அக்கா, நற்சான்றுன்னுதானே சொல்றோம்? அப்போ சட்டப்படி நல்லது மட்டுந்தானே அவரு சொல்லணும்?” என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தமிழ்ச் சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். ‘ரெ’ என்றால் திரும்ப, ‘ஃபெர்ரே’ என்றால் கொண்டு செல்லுதல். கேட்பவரை, விஷயம் தெரிந்த ஒருவரிடம் திருப்பி அனுப்புவதுதான் ரெஃபரன்ஸ். மலாய்ப் படிவத்தில் இதே கட்டத்துக்கு ‘ருஜுக்கான்’ என்று போட்டிருக்கும். அதன் அடியில் இருக்கும் ‘ருஜுக்’ அரபு மொழியிலிருந்து வந்தது, அதற்கும் திரும்புதல் என்றுதான் பொருள். இரண்டு மொழியிலும் நல்லது, கெட்டது என்ற பேச்சே இல்லை.

நாம் அடிக்கடி கேட்கும் இன்னொரு சொல் ‘சூராட் சொக்கோங்கான்’, அதாவது ஆதரவுக் கடிதம். சட்டமன்ற உறுப்பினரிடமும் கிராமத் தலைவரிடமும் வாங்குவோமே, அது. ‘சொக்கோங்’ என்றால் சாயாமல் இருக்கக் கொடுக்கும் முட்டு. தாங்கும் என்று முட்டுக் கொடுத்தோம், அந்த முட்டே சாய்த்துவிட்டது என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு. உங்களோடு வேலையே செய்யாத ஒருவர்கூட ஆதரவுக் கடிதம் தரலாம். ரெஃபரன்ஸை, கூட இருந்து பார்த்தவர்தான் தர முடியும்.

நம் சொல்லுக்கு வருவோம். ‘சான்று’ சால் என்ற வேரிலிருந்து வந்தது. சால் என்றால் நிறைதல், பொருந்துதல். சான்றோர், சால்பு எல்லாம் அதன் உறவுதான். சாட்சி வடமொழி. கண்ணோடு இருப்பவர், அதாவது கண்ணால் கண்டவர் என்று பொருள். இவற்றைவிட எனக்கு மிகவும் பிடித்தது சங்கத் தமிழில் வரும் ‘அறிகரி’. கரி என்றால் சாட்சி. தான் அறிந்ததற்குச் சாட்சியாக நிற்பது அறிகரி. ரெஃபரன்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. இன்றைக்கு அதைப் படிவத்தில் போட்டால் யாருக்கும் புரியாது என்பதுதான் வருத்தம்.

இதில் ‘நல்’ எப்படி ஒட்டிக்கொண்டது? சான்றை ஒரு தயவாகவே நாம் வாங்கிப் பழகியதால் என்று நினைக்கிறேன். தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்துக்காகக் கிராணி (அலுவலக எழுத்தர்) முன்னால் எத்தனை நாள் நின்றேன் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். இலங்கைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் கொடுமை. அங்கே ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதித் தருவது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். காகிதம் கொடுப்பவர் கையில் நம் பிழைப்பு என்ற பயம் சும்மா வந்ததில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? முதலில், பழைய முதலாளி எதுவும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் இல்லை. இங்கிலாந்து நீதிமன்றம் 1800லேயே அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. வேலை செய்த தேதியையும் பதவியையும் தவிர வேறெதையும் சொல்லக்கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அது வம்பு வேண்டாம் என்று பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட வழக்கம். அமெரிக்காவில்கூட அப்படித் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் கிடையாது.

ஆக, உண்மையான குறையைச் சொல்லலாம். மூன்று எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் இருந்தால், இருக்கிறது என்று சொல்லலாம். ஆதாரமே இல்லாமல் “காசு எடுத்துட்டா” என்றால் அது 1957 அவதூறுச் சட்டத்துக்குள் வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விசாரிப்பவருக்குத் தெரிந்துகொள்ளும் தேவை இருக்கிறது, சொல்பவருக்குச் சொல்லும் கடமை இருக்கிறது என்றால், நல்லெண்ணத்தோடு சொன்னது தவறாகப் போனாலும் சட்டம் அவரைக் காக்கும். வன்மத்தோடு சொன்னது தெரிந்தால் அந்தக் காப்பு போய்விடும்.

1994இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு காப்புறுதி விற்பனையாளரைப் பற்றி, சரியாக விசாரிக்காமல் மோசமான ரெஃபரன்ஸ் கொடுத்திருந்தார்கள். வன்மம் இல்லாவிட்டாலும், கவனமாக எழுதுவது முதலாளியின் கடமை என்று அங்கே முடிவானது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் உள்ள நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அப்புறம், 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. உடல்நிலை, சமய நம்பிக்கை போன்றவை அதில் தனியாகக் காக்கப்படும் விவரங்கள். “அவளுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாது” என்று தனியார் முதலாளி, அவளுடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் போனில் சொல்லிவிட முடியாது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ‘நற்சான்று’ பொருந்தவில்லை. ‘பரிந்துரை’ வேறு, அதில் பரிவு இருக்கிறது. ‘நன்னடத்தைச் சான்றிதழ்’ பள்ளிக்கூடத்தில் தருவது. ‘மேற்கோள்’ கட்டுரைக்கு உரியது. ரெஃபரன்ஸுக்கு நான் எழுதுவது ‘பணிச் சான்றுரை’. தருபவர் ‘சான்றுரைஞர்’. ஆங்கிலத்தில் ரெஃபரி என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் ‘நடுவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர் பந்தாட்டத் திடலில் விசில் ஊதுபவர்.

அந்தப் பெண் மேலாளரின் பெயரைப் போடவில்லை. தன் வேலையைத் தினமும் பார்த்த தலைமைக் கிராணியிடம் முதலில் போனில் சம்மதம் கேட்டாள். “எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்மா, தெரியாதத சொல்ல மாட்டேன்” என்றாராம். கட்டத்தில் அவர் பெயரை எழுதினோம். வேலை செய்த காலத்தைக் காட்ட ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையையும் பின்னால் இணைத்தோம்.